இழுக்க ஒன்று, விட ஆறு

பெய்ஜிங். சொர்க்கக் கோயில் பூங்கா. இன்னும் சரியாக விடியவில்லை.

சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஆட்கள் நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு மரம்.

சில மரங்கள் 500 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே நிற்கின்றன.

*

பாதங்கள் தோள் அகலத்துக்கு விரிகின்றன. முழங்கால் சற்றே மடங்குகிறது. வால் எலும்பு கீழே இறங்குகிறது. உச்சந்தலை மேலே போகிறது.

நடுவே முதுகு.

அது இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

*

உடம்பின் நிலை. மூச்சு. மனம். மூன்றையும் ஒழுங்கு செய்வது சிகோங்.

உடம்பைச் சரிசெய்யும்போது மூச்சு மறந்துபோகிறது. மூச்சைப் பிடித்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. தோளை இறக்கினால் மனம் வேறெங்கோ இருக்கிறது.

ஒவ்வொன்றாக.

*

நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொடுகிறது.

முதுகில் ஏறும் பாதை ஒன்று. முன்னுடம்பில் ஓடும் பாதை ஒன்று. சீன மருத்துவத்தில் இரண்டும் சேர்வது வாயில்.

எச்சில் ஊறுகிறது. உடனே விழுங்குவதில்லை. சேரவிட்டு, மூன்று மிடறாக.

முதல் மிடறு தொண்டையைத் தாண்டும் ஓசை காதுக்குள் பெரிதாகக் கேட்கிறது.

*

தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடை. சீன மரபில் அந்த இடத்தின் பெயர் டான்டியென்.

அறுத்துப் பார்த்தால் அங்கே குடல்தான் இருக்கும்.

கவனம் அங்கே போய் உட்காருகிறது. சிறிது நேரத்தில் அந்த இடம் சூடாகிறது.

முதலில் போனது கவனமா, சூடா.

*

இடது தோளில் வலி.

பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. தோள்மேல் ஒரு காசளவு. பிறகு கழுத்தோரம். பிறகு தேட வேண்டியிருக்கிறது.

தேடும்போது திரும்ப வருகிறது.

*

சாங்ஷா நகரின் ஓரம், மாவாங்துய். 1973இல் மூன்றாம் கல்லறையைத் தோண்டுகிறார்கள். கி.மு. 168இல் மூடிய கல்லறை.

உள்ளே ஒரு பட்டுத் துணி. நைந்து, துண்டு துண்டாக.

ஒட்டிச் சேர்த்தால் 44 பேர். நான்கு வரிசை. ஆண்கள், பெண்கள். சிலருக்கு நீண்ட அங்கி. சிலருக்கு மேலாடை இல்லை. ஒருவர் கையில் கோல்.

எல்லாரும் எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள். குனிந்து, வளைந்து, கையை விரித்து.

*

அவர்களில் சிலருக்குப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது.

இது கரடி. இது குரங்கு.

இது காது கேளாமைக்கு.

இது முழங்கால் வலிக்கு.

*

முழங்கால் அன்றும் வலித்திருக்கிறது.

*

மற்றவர்களுக்குப் பக்கத்தில் எழுத்து அழிந்துவிட்டது. எந்த நோய்க்கு என்று தெரியாமலே கையை உயர்த்தியபடி இருக்கிறார்கள்.

*

பூங்காவில் மெல்லிய காற்று. வியர்வை இருக்கும் இடங்களை அது காட்டிக்கொடுக்கிறது. மேலுதடு. கழுத்தின் பின்புறம். இரண்டு கக்கத்தில் ஒன்று மட்டும்.

*

வாங் ஷியாங்சாய். 1885இல் பிறந்தவர். சண்டைக்கலை ஆசான்.

எத்தனையோ அடவுகளைக் கற்கிறார். பிறகு ஒவ்வொன்றாக விடுகிறார். நிற்பதை அடித்தளமாக வைத்துக்கொள்கிறார்.

முதுமையில், பாவோடிங் நகரில், நோயாளிகளை நிற்க வைக்கிறார். மரத்தைக் கட்டிக்கொள்ளும் கைகளோடு. கைகளுக்குள் மரம் இல்லை.

நிற்க முடியாதவர் உட்கார்ந்து செய்யலாம். உட்கார முடியாதவர் படுத்துக்கொண்டு.

*

நிற்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது.

தொடை நடுங்கத் தொடங்குகிறது.

முதலில் வலது தொடை. அதன் நடுக்கத்தைக் கேட்டு இடதும்.

நிறுத்த நினைத்தால் கூடுகிறது. விட்டால், அதுவும் ஆடிக்கொண்டிருக்கிறது, நானும் நின்றுகொண்டிருக்கிறேன்.

*

மாவோஷான் மலை, நான்ஜிங்குக்கு அருகே. தாவோ ஹாங்ஜிங் அங்கே வாழ்கிறார். 456இல் பிறப்பு, 536இல் இறப்பு. 730 மருந்துகளைத் தொகுத்து எழுதியவர்.

அவர் பெயரால் வழங்கும் நூல் ஒன்றில் மூச்சுக்கும் கணக்கு இருக்கிறது.

இழுக்க ஒரு வழி. விட ஆறு வழி.

*

ஷ்யூ.

கல்லீரலுக்கு. கோபம் அங்கே தங்கும் என்பது மரபு. ஒலிக்கும்போது கண்கள் அகலத் திறந்திருக்க வேண்டும்.

கண்ணைத் திறக்கிறேன். எதிரே புல். புல்லில் நேற்றைய டிக்கெட் ஒன்று.

*

ஹ.

இதயத்துக்கு. வாய் பாதி திறந்திருக்கிறது. களைத்து உட்காரும்போது தானாகவே வரும் ஒலி.

இத்தனை நாளும் மருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது, கவனிக்காமல்.

*

ஹூ.

மண்ணீரலுக்கு. யோசனை மிகுந்தால் சோரும் உறுப்பு.

உதடுகள் குவிகின்றன. ஒலி முடியும் வரை யோசனை இல்லை. முடிந்ததும், யோசனை இல்லை என்ற யோசனை.

*

ஸ்ஸ்.

நுரையீரலுக்கு. அங்கே இருப்பது துக்கம்.

காற்று பல்லிடுக்கில் நுழைந்து போகிறது. யார் முகமும் நினைவுக்கு வரவில்லை. கண் மட்டும் ஈரமாகிறது.

*

ச்சுய்.

சிறுநீரகத்துக்கு. பயத்துக்கு.

இடுப்பின் பின்புறம் குளிர்ந்திருக்கிறது. உள்ளங்கைகளை அங்கே வைக்கிறேன். கை சூடு. இடுப்பு குளிர். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்று.

*

ஷீ.

மூவெப்ப மண்டலத்துக்கு. பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, உருவம் இல்லை. உடம்பில் இதுதான் என்று காட்ட முடியாத உறுப்பு.

ஒலி போகிறது. எங்கே போகிறது என்று கேட்பதில்லை.

*

அடுத்த மரத்தடியில் ஒருவர் கரடியாக இருக்கிறார். இடுப்பு சுழல்கிறது. வயிறு மெதுவாக உருள்கிறது. முகத்தில் ஒன்றும் இல்லை.

புலி, மான், கரடி, குரங்கு, பறவை. ஐந்து விலங்குகளின் பயிற்சி. மருத்துவர் ஹுவா துவோ அமைத்தது என்பார்கள்.

படைத்தலைவன் சாவோ சாவோ அழைக்கிறான். ஹுவா துவோ திரும்பிப் போகவில்லை. 208ஆம் ஆண்டுவாக்கில் சிறையில் கொல்லப்படுகிறார்.

மாணவர் வூ பூ பயிற்சியைத் தொடர்கிறார். வயது 90ஐத் தாண்டியும் அவருடைய பற்கள் உறுதியாக இருந்ததாக வரலாற்று நூல் எழுதிவைக்கிறது.

*

எட்டுத் துண்டுப் பட்டு என்னும் பயிற்சி. அதன் எட்டாவது துண்டு.

குதிகால்கள் உயர்கின்றன. விழுகின்றன. ஏழு முறை.

முதுகெலும்பு கீழிருந்து மேலாக அதிர்கிறது. நூறு நோய்கள் உதிரும் என்பது நம்பிக்கை.

பல்லோடு பல் மோதுகிறது.

ஏழாவதுக்குப் பின் உடம்பு எட்டாவதை எதிர்பார்க்கிறது.

*

1947. ஹெபெய் மாகாணத்துக் கிராமம். லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் நோயோடு வீடு திரும்புகிறார். வயிற்றுப் புண். தூக்கமில்லை. வயது 27.

உறவினர் லியூ துஜோவுக்கு ஒரு மூச்சுப் பயிற்சி தெரியும். பரம்பரையாக, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்து வந்தது.

102 நாட்கள் என்று பதிவு இருக்கிறது. புண் ஆறுகிறது. லியூ வேலைக்குத் திரும்புகிறார்.

*

அந்தப் பயிற்சிக்கு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். உட்காரலாம்.

மனத்துக்குள் மூன்று சொற்கள். இழுக்கும்போது ஒன்று. விடும்போது ஒன்று. விட்டபின் வரும் நிறுத்தத்தில் ஒன்று.

நிறுத்தத்துக்கு விழும் சொல்: அமைதி.

பழகியவர் சொற்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்பது வரை. சொல் கூடக்கூட நிறுத்தம் நீள்கிறது.

*

விட்டாயிற்று. இழுக்கவில்லை.

இந்த இடத்தில் யாருக்கும் அவசரம் இல்லை.

பிறகு அவசரம் வருகிறது. மார்பின் அடியில், சின்னதாக.

*

கட்சிக்கு அந்தப் பயிற்சி பிடித்துப்போகிறது. மருந்துச் செலவு இல்லை. நோயாளியே செய்துகொள்ளலாம். சாமி, மந்திரம் ஆகியவற்றை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறார்கள்.

1950களின் நடுவே தாங்ஷான் நகரில் மருத்துவமனை. 1956இல் பெய்டாய்ஹே கடற்கரையில் ஓர் ஆரோக்கிய இல்லம். கோடையில் தலைவர்கள் வந்து தங்கும் ஊர் அது.

போஹாய் வளைகுடாவின் அலை பெரிதாக இல்லை. நோயாளிகள் மூச்சு விடுகிறார்கள்.

*

1960களின் நடுவில் பெய்டாய்ஹேயின் கதவு மூடுகிறது. மூடநம்பிக்கை என்று பெயராகிறது. லியூ பண்ணை வேலைக்கு அனுப்பப்படுகிறார்.

1980இல் கதவு திறக்கிறது. 1983இல் லியூ இறக்கிறார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மூச்சு எங்கே இருந்தது.

பண்ணையில், மண்வெட்டியோடு, இருந்திருக்கலாம்.

*

கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். சிகோங் மருத்துவர் கை வைக்கவில்லை. வயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை நிறுத்துகிறார்.

படுத்திருப்பவரின் வயிறு ஏறி இறங்குகிறது. கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அறையில் மின்விசிறி. மூலையில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்.

ஏதாவது தெரிகிறதா என்று மருத்துவர் கேட்கவில்லை.

*

1978. ஷாங்ஹாய். கு ஹான்சென் என்ற ஆய்வாளர், சிகோங் பயின்ற ஒருவரின் உள்ளங்கைக்கு எதிரே கருவியை வைக்கிறார்.

கருவி அகச்சிவப்புக் கதிரைக் காட்டுகிறது.

எந்தக் கையும் சூடு உள்ளதுதான். அந்தக் கையின் சூடு ஏறி இறங்குகிறது என்கிறார்.

*

இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடிக்கிறேன். உள்ளங்கை நடுவில் லாவோகோங் புள்ளி.

நெருங்கினால் ஏதோ தள்ளுகிறது. விலகினால் ஏதோ இழுக்கிறது. மாவு பிசைந்து கழுவிய கைக்குப் பிசுக்கு கொஞ்ச நேரம் தங்குகிறதே, அப்படி ஒரு தடிப்பு.

இது சி என்னும் உயிராற்றல். இது இரத்த ஓட்டம். இது எதிர்பார்ப்பு.

மூன்று பெயர்களும் வந்து போகின்றன. தடிப்பு இருக்கிறது.

*

1980கள். விளையாட்டரங்குகள் நிறைகின்றன. மேடையில் சிகோங் ஆசான் ஒருவர் மணிக்கணக்கில் பேசுகிறார். கூட்டத்தில் அழுகிறார்கள். சிரிக்கிறார்கள். கைகால் தானாக ஆடுகிறது. சிலர் நாற்காலியை விட்டு எழுந்து நடக்கிறார்கள்.

சிலர் எழவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

*

அதே மூச்சு சிலரைக் கலைக்கிறது. தூக்கம் போகிறது. தலைக்குள் ஏறியது இறங்குவதில்லை. காதில் குரல் கேட்கிறது. தீ ஏறிப் பேய் புகுந்தது என்று ஊரில் சொல்கிறார்கள்.

1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதையும் ஒரு பெயரிட்டுச் சேர்த்துக்கொள்கிறது.

சிகோங் தெரிந்தவர்கள் சொல்வது: வலிந்து செய்யாதே.

வலியாமல் எப்படிச் செய்வது என்று மனம் வலிந்து யோசிக்கிறது.

*

1999. சிகோங் கூட்டங்களை அரசு ஒடுக்குகிறது. ஆசான்கள் மறைகிறார்கள்.

2001இல் விளையாட்டுத் துறையின் கீழ் ஒரு மையம் வருகிறது. பழையவற்றிலிருந்து நான்கு பயிற்சிகள் தேர்வாகின்றன. தசைநார் மாற்றம். ஐந்து விலங்கு. ஆறு ஒலி. எட்டுத் துண்டுப் பட்டு. பாடநூல், குறுந்தட்டு, இசை.

ஒலிபெருக்கியில் பெண் குரல். வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துகிறது.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் ஒரு மூச்சு பின்தங்கி.

*

குவோ லின். 1909இல் பிறந்தவர். ஓவியர். மலையும் நீரும் வரைபவர்.

1949இல் கருப்பையில் புற்றுநோய். அறுவை. பிறகு மறுபடி நோய். மறுபடி அறுவை.

சிறுவயதில் தாத்தா சொல்லிக்கொடுத்த பயிற்சி நினைவில் இருக்கிறது. அதை நடையாக மாற்றுகிறார்.

1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங் பூங்காக்களில் கற்றுக்கொடுக்கத் தொடங்குகிறார். சிகோங் தடைசெய்யப்பட்டிருந்த காலம். நோயாளிகள் வருகிறார்கள்.

1984இல் இறக்கிறார். நடை நிற்கவில்லை.

*

அந்த நடை இந்தப் பூங்காவிலும் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே கேட்கிறது.

உள்ளே, உள்ளே, வெளியே.

மூக்கின் வழியே இரண்டு சிறு இழுப்பு. ஒரு விடுப்பு. காற்று நாசியில் உரசும் ஓசை.

குதிகால் முதலில் ஊன்றுகிறது. கால்விரல்கள் வானத்தைப் பார்க்கின்றன. ஒரு கை வயிற்றுக்கு முன்னால், மறு கை இடுப்போரம். தலை இடமும் வலமும் மெதுவாகத் திரும்புகிறது.

*

வரிசையில் ஒரு பெண் கம்பளித் தொப்பி அணிந்திருக்கிறார். காலம் அதற்கு ஏற்றதல்ல.

வேகமாகவும் இல்லை. தள்ளாடவும் இல்லை.

உள்ளே, உள்ளே, வெளியே.

கடந்து போகும்போது அவருடைய காலணியின் ஓசையில் என் மூச்சும் சேர்ந்துகொள்கிறது. அவர் திரும்பும் இடம் வந்ததும் என் மூச்சு எனக்கே திரும்புகிறது.

*

குணமானவர்கள் சொல்கிறார்கள்.

குணமாகாதவர்களும் நடந்திருக்கிறார்கள்.

*

இருவர் இடைவேளையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மருத்துவமனைத் தாளை விரிக்கிறார். மற்றவர் கண்ணாடியைத் தூக்கிவைத்துப் படிக்கிறார். விரல் ஓர் எண்ணில் நிற்கிறது. அடுத்த எண்ணுக்கு நகர்கிறது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுகிறார்கள்.

*

ஹூபெய் மாகாணம், ஜாங்ஜியாஷான். 1983இன் முடிவில் ஒரு கல்லறை திறக்கிறது. மூங்கில் சீவல்களில் எழுதிய நூல்கள். ஒன்று, உடம்பை நீட்டி வளைப்பது பற்றியது. மாவாங்துய்ப் பட்டைப் போலவே கி.மு. இரண்டாம் நூற்றாண்டு.

வசந்த காலத்தில் என்ன செய்வது என்று அது தொடங்குகிறது. எழுந்து முகம் கழுவுவது. வாய் கொப்பளிப்பது. முடியை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் நடப்பது. ஒரு கோப்பைத் தண்ணீர்.

நோய் இல்லை. மருந்து இல்லை. காலை நேரம்.

*

அதே நூலின் இறுதிப் பகுதி, நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறது. வெயில், ஈரம், காற்று, குளிர்.

உயர்ந்தோர்க்கு மகிழ்ச்சியும் கோபமும் நிலைகொள்ளாததால் வருகிறது.

எளியோர்க்கு உழைப்பால், களைப்பால், பசியால், தாகத்தால். வியர்த்தபடி குளிர்ந்த நீரில் இறங்குவதால்.

உழைப்பவருக்கு முற்றத்தில் நடக்க நேரம் உண்டா என்று அங்கே இல்லை.

*

பூங்காவைப் பெருக்குபவர் வருகிறார். நீண்ட துடைப்பம். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். இடுப்பு சுழல்கிறது. முழங்கால் பூட்டவில்லை.

கரடியாக இருப்பவரும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

*

610ஆம் ஆண்டு. சூயி வம்சத்து அரச மருத்துவர் சாவோ யுவான்ஃபாங். நோய்களின் தோற்றம் பற்றிய நூல். 50 சுருள்கள்.

ஒவ்வொரு நோயும் எங்கே தொடங்குகிறது, எப்படித் தெரிகிறது என்று எழுதுகிறார். மூலிகைக் கஷாயத்துக்கான அளவு தரவில்லை. பல இடங்களில் ஒரு பயிற்சி. எந்தப் பக்கம் படுப்பது. எந்தக் காலை மடக்குவது. எத்தனை மூச்சு.

பல்வலிக்கு. மூச்சுத்திணறலுக்கு. வயிறு உப்புவதற்கு. கண் மங்குவதற்கு.

படிக்கப் படிக்க எல்லாம் எனக்கு இருப்பதாகத் தோன்றுகிறது.

*

வயிற்றில் பசி. டான்டியென் இருக்கும் இடம்தான், கொஞ்சம் மேலே.

*

அறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. பட்டை கையை இறுக்குகிறது. ஓர் இடத்தில் துடிப்பு முழங்கைக்குள் கேட்கிறது. காற்று இறங்குகிறது.

பயிற்சிக்கு முன் 142. பின் 134.

மறுநாள், முன் 138. பின் 146.

நான்கையும் குறித்துக்கொள்கிறேன். மாத்திரை, வழக்கம்போல, எட்டு மணிக்கு.